பெரியப்பாவின் எடிஸ்ரோன் றேடியோவை பிளக்கில் போடலாமா?

குட்டிடயல் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். கொட்டாஞ்சேனையில் இருந்த பெரியப்பா போன வருடம் காலமானார். இப்போது வீட்டை விற்கப் போகிறார்கள். சாமான் ஒதுக்கும்போது பெரியம்மா என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தானே இதிலெல்லாம் விருப்பம், கொண்டுபோ, இல்லாவிட்டால் போத்தல் பேப்பர்காரன்தான் எடுப்பான்" என்று ஒரு றேடியோவையும் ஒரு பிஸ்கட் தகரத்தையும் தந்துவிட்டார். முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், முழங்கால் இன்னும் நோகிறது. முழுக்க இரும்பு. முன்பக்கத்தில் எடிஸ்ரோன் என்று இருக்கிறது, பின்பக்கத் தகட்டில் 840சி, பர்மிங்காமில் செய்தது. டயல் குமிழைச் சுண்டிவிட்டால் உள்ளே ஏதோ பாரமான சில்லு தானாக உருண்டு, முள் கடைசிவரை போய் நிற்கிறது. இதை மட்டும் ஒரு நூறு தடவை செய்துவிட்டேன்.

பின்பக்கத்தால் ரோர்ச் அடித்துப் பார்த்தேன். தூசி, செத்துக் காய்ந்த ஒரு பல்லி, கண்ணாடிக் குழாய் வால்வுகள் எல்லாம் உடையாமல் இருக்கின்றன. வயர் இரண்டு கம்பி வயர், நுனியில் அந்தக் காலத்து உருண்டை இரண்டு பின் பிளக். கடைசியாக எப்போது பாடியது என்று பெரியம்மாவுக்கு ஞாபகம் இல்லை, "நீ ஏ.எல். எடுத்த காலம்" என்கிறார். அப்படியென்றால் இருபது வருடத்துக்கு மேல்.

தகரத்துக்குள் ஒரு சீ.ஆர். கொப்பியும் நிறைய அட்டைகளும். மொஸ்கோ, ஹில்வர்சம், கீற்றோ, கொலோன், ரோக்கியோ என்று உலகம் முழுக்க வானொலி நிலையங்கள் பெரியப்பாவின் பெயருக்கு அனுப்பியவை. கொப்பியில் வரிவரியாகத் திகதி, நேரம், ஏதோ இரண்டு எண்கள், கடைசியில் 34333, 44343 என்று ஐந்து இலக்கம். இது என்ன கணக்கு? நேரமும் இடிக்கிறது. பி.பி.சி. தமிழோசையை அவர் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒன்பதேகாலுக்குக் கேட்பது எனக்கு வடிவாகத் தெரியும் (சத்தம் போட்டால் ஏச்சு விழும்), கொப்பியில் 1545 என்று எழுதியிருக்கிறார்.

சரி, என் கேள்விகள். இதை அப்படியே பிளக்கில் போட்டுப் பார்க்கலாமா? அந்த ஐந்து இலக்கம் என்ன? இந்தக் காலத்தில் சிற்றலையில் கேட்க ஏதாவது மிஞ்சி இருக்கிறதா, அதுவும் கொழும்பில், நாலாம் மாடி பிளாட்டில்?

சும்மா கேட்பவன்

போடாதீர்கள். மிச்சத்தைப் பெரியவர்கள் வந்து சொல்வார்கள்.

பழைய கண்டன்சர் (தெகிவளை)

தம்பி, மேலே சொன்னதுதான் சரி, ஆனால் ஏன் என்று தெரிந்தால்தான் கை சும்மா இருக்கும், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

840சி ஒரு ஏசி/டிசி செட். சுவர் மின்சாரத்தில் இருந்து செட்டைப் பிரித்து வைக்கிற மெயின்ஸ் ட்ரான்ஸ்ஃபோமர் அதற்குள் கிடையாது. அந்தக் காலத்தில் சில ஊர்களிலும் கப்பல்களிலும் டிசி மின்சாரம்தான், எங்கே கொண்டுபோனாலும் பாட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். இதன் விளைவு என்னவென்றால், சுவரில் இருந்து வருகிற இரண்டு கம்பியில் ஒன்று நேரே உள்ளே இருக்கும் உலோகச் சட்டமான சேஸிஸுக்குப் போகிறது. உங்கள் உருண்டைப் பின் பிளக்கை எந்தப் பக்கமும் திருப்பிச் செருகலாம். ஒரு பக்கம் செருகினால் சேஸிஸ் நியூற்றலில் இருக்கும், மற்றப் பக்கம் செருகினால் 230 வோல்ட்டில் இருக்கும். பெட்டியைக் கழற்றிவிட்டு விரல் வைத்தால் பெரியப்பாவிடம் நேரே போய் ஐந்து இலக்கத்துக்கு அர்த்தம் கேட்டுக்கொள்ளலாம். மன்னிக்கவும், பகிடிதான், ஆனால் இந்த விஷயத்தில் நான் பகிடி விடுவது குறைவு. முதல் வேலை அந்தப் பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு 13 அம்பியர் சதுரப் பின் பிளக் போட்டு, சேஸிஸ் பக்கம் போகும் கம்பி நியூற்றலில்தான் இருக்கிறதா என்று மீற்றர் வைத்துப் பார்ப்பது. அதற்குள் 3 அம்பியர் பியூஸ் போடுங்கள், 13 போடாதீர்கள். செட்டைத் திறந்து வேலை செய்கிற நேரம் வோல்ட்டேஜை மாற்றாமல் மெயின்ஸில் இருந்து பிரித்து மட்டும் வைக்கிற 230க்கு 230 ஐசலேற்றிங் ட்ரான்ஸ்ஃபோமர் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது கண்டன்சர்கள், அதாவது மின்தேக்கிகள். என் பெயரே அதனால்தான். இந்தக் காலத்துச் செட்டுகளில் இரண்டு வகை ஆபத்தானவை. ஒன்று எலக்ட்ரோலிற்றிக், நீட்டு அலுமினியக் குப்பி மாதிரி நிற்கும். பல வருடம் கரண்ட் படாமல் கிடந்தால் அதற்குள் இருக்கும் ஒக்சைட் படலம் கரைந்துவிடும், திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் இழுத்து, சூடாகி, சில நேரம் வெடிக்கும். கூடவே ஏசியை டிசி ஆக்குகிற ரெக்ரிஃபயர் வால்வையும் கொண்டுபோகும். மற்றது மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர். கொழும்பின் ஈரக் காற்றில், அதுவும் கடற்கரை ஊர்களில், பழைய பேப்பர் கண்டன்சர் ஒழுகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் மாற்றப் பஞ்சியாக இருந்தால் ஒன்றையாவது மாற்றுங்கள்: கடைசி ஓடியோ வால்வின் கிரிட் என்கிற கட்டுப்பாட்டுக் காலுக்குப் போகிற கப்ளிங் கண்டன்சர், அநேகமாக 0.01 மைக்ரோபரட். அது ஒழுகினால் கிரிட்டுக்குப் பிளஸ் வோல்ட்டேஜ் ஏறி, வால்வு கண்டபடி கரண்ட் இழுத்து, ஸ்பீக்கர் ட்ரான்ஸ்ஃபோமர் எரியும். கண்டன்சர் ஒரு தேத்தண்ணிக் காசு, ட்ரான்ஸ்ஃபோமர் தேடினாலும் கிடையாது.

ஏரியல் சொக்கற்றுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருக்கிற சின்னக் கண்டன்சர்களை ஆட்கள் மறந்துவிடுவார்கள். சேஸிஸில் மெயின்ஸ் இருப்பதால் ஏரியலைத் தனியாகப் பிரித்து வைப்பதே அவைதான். அவை ஒழுகினால் உங்கள் பல்கனியில் தொங்குகிற ஏரியல் கம்பியில் 230 வோல்ட். பக்கத்து வீட்டு அன்ரி அதில் உடுப்புக் காயப்போடுவார். இந்த இடத்துக்கு வை2 என்று அச்சடித்த பாதுகாப்பு வகை மட்டும்தான் போட வேண்டும்.

சாமான் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்துக் கடைகளில் தேடுங்கள். பேப்பருக்குப் பதில் 630 வோல்ட் பிலிம் வகை, எலக்ட்ரோலிற்றிக் 450 வோல்ட். அளவை அதே அளவில் வையுங்கள். பெரிதாகப் போட்டால் இரைச்சல் குறையும் என்று ரெக்ரிஃபயருக்கு அடுத்த முதல் கண்டன்சரை இரண்டு மூன்று மடங்கு ஆக்குவார்கள், அது வால்வைத் தின்னும்.

மாற்றி முடித்த பிறகும் நேரே பிளக்கில் போடாதீர்கள். பழைய குண்டு பல்ப் ஒன்று, 100 வாட், தொடராகக் கட்டி அதற்குப் பிறகு செட். எல்ஈடி பல்ப் சரிவராது, இழை உள்ளதுதான் வேண்டும், கோழிக்குஞ்சுக் கூட்டுக்குப் போடுகிறது என்று கேட்டால் தருவார்கள். உள்ளே சோர்ட் இருந்தால் பல்ப் பளீரென்று எரிந்து நிற்கும், செட்டுக்கு ஒன்றும் ஆகாது. மங்கி அடங்கினால் நல்ல சகுனம்.

வால்வுகளை இப்போதே வாங்க ஓடாதீர்கள், அவை பேப்பர் கண்டன்சரை விட ஆயுள் கூடியவை. ஏசி/டிசி செட்டில் வால்வு இழைகள் எல்லாம் தொடராக இருக்கும், கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய சரவிளக்கு மாதிரி, ஒன்று போனால் எல்லாம் இருட்டு. அதனால் ஒன்றுமே எரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ஒவ்வொன்றாகக் கழற்றி இழையை மீற்றரில் பாருங்கள், அநேகமாக ஒன்றுதான் போயிருக்கும்.

கடைசியாக, உள்ளே சதுர அலுமினிய டப்பாக்களுக்கு மேல் சின்னத் திருகாணிகள் தெரியும். தொடாதீர்கள். என்னுடைய முதல் செட்டை ஒரு திருத்துகிற இடத்தில் கொடுத்தேன், அங்கே இருந்தவர் "எல்லாத் திருகாணியும் லூசாக இருந்தது, இறுக்கிவிட்டேன்" என்று பெருமையாகத் தந்தார். அவை ஐ.எஃப்., அதாவது செட்டுக்குள் ஓடும் இடைநிலை அலைவரிசையைச் சரிப்படுத்தும் திருகாணிகள். செட் ஊமையாகிவிட்டது, சிக்னல் ஜெனரேற்றர் இரவல் வாங்கி ஒரு கிழமை மினக்கெட்டேன்.

நெட்ஃபிக்ஸ்மாமா (பம்பலப்பிட்டி)

ஒரு எதிர்க்கட்சிக் கருத்தும் இருக்கட்டும். ஏன் இந்தப் பாடு? நெதர்லாந்தில் ட்வென்ற பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்தில் திறந்து விட்டிருக்கிறது, போனிலேயே டயலை இழுத்துக் கேட்கலாம், காசும் இல்லை, பல்லியும் இல்லை. கையில் பெட்டி வேண்டுமென்றால் ரெக்சன் மாதிரி ஒன்றை வாங்கினால் டிஜிட்டலில் எண் அடித்துப் போகலாம். எடிஸ்ரோனைத் துடைத்துச் சோக்கேசில் வையுங்கள், வடிவாக இருக்கும். பி.பி.சி. தமிழ் வானொலி 2017 இல் நின்றது, றேடியோ ஒஸ்ரேலியா சிற்றலையை அதே வருடம் ஜனவரியில் மூடியது, ஹில்வர்சம் அட்டை என்கிறீர்களே, அந்த நெதர்லாந்துக்காரர் 2012 இலேயே சிற்றலையை விட்டுவிட்டார்கள். எங்கள் இரணவிலவில் இருந்த வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா மறு ஒலிபரப்பு நிலையமும் 2016 இல் மூடியாயிற்று. யாரைக் கேட்கப் போகிறீர்கள்?

ஒரு எல் ஆறு (கல்கிசை)

நெட்ஃபிக்ஸ்மாமா சொல்வது பாதி உண்மை. நிலையங்கள் குறைந்துவிட்டன. ஆனால் ட்வென்ற ரிசீவரில் நீங்கள் கேட்பது நெதர்லாந்தின் வானம், கொழும்பின் வானம் இல்லை. பின்னேரம் வெயில் சாயச் சாய சிற்றலையின் 25 மீற்றர் பட்டை அடங்கி 31, 41, 49 மீற்றர் ஒவ்வொன்றாக விழிக்கிறதை உங்கள் சொந்தக் கம்பியில் கேட்பது வேறு விஷயம்.

ஆனால் என் அனுபவத்தைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். என் பெயர் ஏன் இப்படி என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள், அந்தக் கதைதான் இது. ஒரு செனித் ட்ரான்ஸ் ஓசியானிக் எச்500 வாங்கினேன், 1950களின் தொடக்கத்து அமெரிக்கச் செட், தோல் ஒட்டிய பெட்டி மாதிரி மூடித் திறப்பது. பார்த்தவுடன் மயக்கம். வீட்டுக்கு வந்து, குளிக்கக்கூட இல்லை, 230இல் செருகினேன். அது 117 வோல்ட் செட். ஒரு நொடி மிக அழகாக எரிந்தது. அதில் உள்ள வால்வுகள் பற்றரிக்காகச் செய்தவை, 1.4 வோல்ட்டில் வேலை செய்கிற மயிரிழை, ஒரேயடியாகப் போய்விட்டது. மற்றவை எப்படியோ தேடலாம், ஆனால் அதில் வருகிற அலையை இடைநிலை அலைவரிசைக்கு மாற்றுகிற மிக்சர் வேலை பார்க்கும் 1எல்6 என்கிற வால்வு உலகம் முழுக்கச் சேகரிப்போர் தேடி அலைகிற சாமான், மூன்று மாதம் பொறுத்து வெளிநாட்டில் இருந்து வந்தது. பழைய கண்டன்சர் அண்ணாவின் பல்ப் வித்தை அன்றைக்குத் தெரிந்திருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும்.

இன்னொன்று, அமெரிக்கச் செட்டுக்கு என்று கடையில் விற்கிற ஸ்ரெப் டவுன் பெட்டிகள் அநேகம் ஒற்றைச் சுருள் வகை. வோல்ட்டேஜைக் குறைக்கும், ஆனால் மெயின்ஸில் இருந்து பிரிக்காது. அதை ஐசலேற்றிங் என்று நம்பிச் சேஸிஸைத் தொடாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். குட்டிடயல், உங்களுடைய எதிரி கண்டன்சர் இல்லை, கொழும்பு. எல்ஈடி பல்ப், போன் சாஜர், ரூற்றர் அடாப்ரர், இன்வேற்றர் ஏசி, லிஃப்ட் மோட்டர், கூரைச் சோலார், எல்லாம் சேர்ந்து சிற்றலை முழுக்க ஒரே இரைச்சல். வெள்ளவத்தையில் மூன்று பக்கமும் பிளாட். நல்ல காலம், கடற்கரை ரயில் டீசல், அது மின்சார ரயிலாக இருந்திருந்தால் முடிந்தது கதை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, ஊரே பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அந்த இரவுகள் மாதிரி ஒரு இரவு பிறகு கிடைக்கவில்லை. என்னிடம் யேசு எஃப்ஆர்ஜி-7 ஒன்று இருக்கிறது, 1970களின் ஜப்பான் செட், எட்டுப் பெரிய பற்றரியிலும் ஓடும். (அதில் முதலில் மெகாஹேர்ட்ஸ் குமிழைத் திருப்பி, சிவப்பு விளக்கு அணைகிற இடத்தில் நிறுத்தி, பிறகு கிலோஹேர்ட்ஸ் குமிழுக்குப் போக வேண்டும். பழகிவிட்டால் கை தானாகப் போகும்.) மொட்டை மாடியில் இருட்டில் வைத்துப் போட்டேன். இரைச்சல் முள் கீழே விழுந்து கிடந்தது. வழக்கமாக மூச்சுக்கூட விடாத அலைவரிசைகளில் ஆள் கதைத்தார்கள். கரண்ட் வந்த நொடியில் எல்லாம் போர்வை போட்டு மூடினாற்போல் ஆயிற்று, கீழே தெருவில் பிள்ளைகள் கைதட்டினார்கள், நான் ஒருவன்தான் மேலே இருந்து திட்டினேன்.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, ஒரு சின்ன பற்றரி றேடியோவில் சிற்றலையைப் போட்டு, வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு இரைச்சல் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் கள்ளன் வீட்டுக்குள். பிறகு ஒவ்வொரு பிரேக்கராகப் போட்டுப் பிடிக்கலாம். குறையாவிட்டால் அயலவன், அதற்கு ஏரியலைத் தூரத் தள்ளுவதுதான் வழி. மொட்டை மாடிச் சுவரில் இருந்து ஒரு பத்து மீற்றர் கம்பி, பிவிசி உறை உள்ளது. உறை இல்லாத செம்புக் கம்பி உப்புக் காற்றில் ஒரு வருடத்தில் பச்சை பிடித்துவிடும். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேர இடி தொடங்க முதல் ஏரியலைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள், செட் ஓவ் என்பது போதாது.

குட்டிடயல்

எல்லோருக்கும் நன்றி, நல்ல காலம் முதலில் இங்கே கேட்டேன். பிளக்கை வெட்டிவிட்டேன், அம்மாவுக்கு அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதி. ஒரு கேள்வி: பேப்பர் கண்டன்சர்களைக் கழற்றி எறிந்தால் சேகரிப்பு மதிப்புப் போகாதா? பெரியப்பாவின் செட்டை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்றும் ஒரு மனம்.

பழைய கண்டன்சர்

இதில் ஆட்களுக்குள் அடிபாடே உண்டு. சிலர் பழைய மெழுகுக் குழாயைச் சூடாக்கி உள்ளே இருப்பதை இழுத்து எறிந்துவிட்டு, புதுக் கண்டன்சரை அதற்குள் வைத்து மெழுகால் அடைப்பார்கள். பார்த்தால் 1960களின் சாமான்தான். நேரம் இருந்தால் செய்யுங்கள். எனக்குப் பொறுமை இல்லை, கழற்றியதை எல்லாம் சிப் பையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று எழுதி, செட்டுக்கு அடியில் ஒட்டிவிடுவேன். பாடாத செட்டுக்கு மதிப்பு என்று ஆட்கள் சொல்வது எனக்கு விளங்குவதில்லை. கண்டன்சரை விட எனக்குக் கவலை பெட்டி. நல்ல காலம் உங்களுடையது இரும்பு, மரப் பெட்டி பிலிப்ஸ் ஒன்றைக் கறையான் தின்று, தூக்கும்போது வெறும் வானிஷ் மட்டும் கையில் வந்த கதை என்னிடம் இருக்கிறது. இன்னொரு நாள்.

அஞ்சு இலக்கம் (கொட்டாஞ்சேனை)

நான் பிந்தி வருகிறேன், ஆனால் கொப்பியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. அந்தக் கொப்பிதான் தம்பி உண்மையான சொத்து.

ஐந்து இலக்கத்தை சின்போ என்போம். ஒவ்வொரு இலக்கமும் 1இல் இருந்து 5வரை, 5 நல்லது. முதலாவது சிக்னலின் பலம், இரண்டாவது மற்ற நிலையங்களின் இடையூறு, மூன்றாவது இரைச்சல், நாலாவது அலை ஏறி இறங்கித் தேய்வது, ஐந்தாவது மொத்தத்தில் கேட்கக் கூடியதாக இருந்ததா. 34333 என்றால் நடுத்தரம், பக்கத்து நிலையம் அவ்வளவு கரைச்சல் தரவில்லை. இதை எழுதி, என்ன நிகழ்ச்சி கேட்டது என்ற விபரத்தோடு நிலையத்துக்கு அனுப்பினால் அவர்கள் சரிபார்த்து அத்தாட்சி அட்டை அனுப்புவார்கள். உங்கள் தகரத்தில் இருப்பவை அவைதான். இரண்டு எண்களில் ஒன்று அலைவரிசை. மற்றது 0 முதல் 100க்குள் இருந்தால் அது எடிஸ்ரோன் டயலில் நுண்ணளவாக ஓடும் அந்தச் சின்ன வட்டத்தின் எண். அந்தச் செட்டில் கிலோஹேர்ட்ஸைச் சரியாக வாசிக்க முடியாது, ஆனால் அந்த எண்ணைக் குறித்து வைத்தால் நாளைக்கும் அதே இடத்துக்குத் திரும்பி வரலாம். பெரியப்பா உங்களுக்கு ஒரு வரைபடமே விட்டுப் போயிருக்கிறார்.

1545 பிழையில்லை. அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள், இரவு 9.15. சிற்றலை கேட்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள், அதன் அருமை இலங்கையில் இருந்தவனுக்கு நன்றாகவே தெரியும். 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது, 2006 ஏப்ரலில் திரும்பப் பழைய ஐந்தரைக்கே வந்தது. வடக்கில் சில இடங்களில் மாற்றவே இல்லை. கொழும்பில் இருந்து வன்னிக்குப் போன் எடுத்தால் "பழைய நேரமா புதிய நேரமா" என்று கேட்காமல் ஒரு விஷயமும் பேச முடியாது. உங்கள் கொப்பியில் 1996ஆம் வருடத்தைப் பாருங்கள், 1545 அப்படியே ஓடியிருக்கும், பெரியப்பாவின் சாப்பாடுதான் முன்னுக்குப் பின் போயிருக்கும்.

நான் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தில். கரண்ட் இல்லை, பற்றரி தடைசெய்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ வயரை றேடியோவுக்குக் கொடுத்து, சுற்றுவட்டாரமே கூடி நின்று தமிழோசை கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் செய்திவாசிப்பவரின் குரலும் களைக்கும். "சுற்றடா, சுற்றடா" என்று பின்னால் இருந்து கத்துவார்கள். அப்படிக் கேட்டதற்கு சின்போ எழுதுவதென்றால் நாலாவது இலக்கத்துக்கு என்ன போடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கேட்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். முதல் நாள் 10 மெகாஹேர்ட்ஸுக்குப் போங்கள். சீனாவின் பி.பி.எம். நேர நிலையம், நொடிக்கு ஒரு ரிக், இரவில் கொழும்பில் அநேகமாகக் கிடைக்கும். டயல் எவ்வளவு பிழைத்திருக்கிறது என்று அதை வைத்து அளக்கலாம். 29ஆவது, 59ஆவது நிமிடங்களில் மோர்சில் பெயர் சொல்லி, பிறகு ஒரு பெண் சீனத்தில் அறிவிப்பார். அதைப் பிடித்துவிட்டால் செட் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

குட்டிடயல்

ஏழு கிழமை கழித்து வருகிறேன், மன்னிக்கவும், இடையில் ஒடிற் வேலை.

கண்டன்சர் பதினெட்டு மாற்றினேன். ஏரியல் சொக்கற் இரண்டுக்கும் வை2. சோல்டர் பிடிக்கத் தெரியாமல் முதல் இரண்டு நாளும் ஈயத்தை விட விரலைத்தான் அதிகம் உருக்கினேன். ரப்பர் உறை வயர்கள் தொட்டவுடன் உதிர்ந்தன, அவற்றையும் மாற்ற வேண்டி வந்தது, இதை ஒருவரும் எச்சரிக்கவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன். பல்லியை மரியாதையாக அடக்கம் செய்தாயிற்று. சதுர டப்பாத் திருகாணிகளைத் தொடவில்லை, சத்தியம்.

பல்ப் கட்டிப் போட்டேன். பல்ப் மினுங்கவே இல்லை, நெஞ்சு நின்றது. வால்வு ஒன்றும் எரியவில்லை. அண்ணா சொன்னபடி ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் இழை எல்லாம் நல்லது! அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் ஒரு வால்வின் கால்களில் பச்சைப் பாசி மாதிரி ஏதோ பிடித்து சொக்கற்றில் தொடுகை இல்லை, கிளீனர் அடித்து நாலு தரம் இழுத்துச் செருகியதும் பல்ப் பளீரென்று எரிந்து மெல்ல மெல்ல மங்கியது, வால்வுகள் எல்லாம் ஒன்றாக ஆரஞ்சு நிறத்தில் மினுங்கின. அரை நிமிடம் கழித்து ஸ்பீக்கரில் ஒரு உறுமல், பிறகு ஒரே இரைச்சல். 31 மீற்றர் முழுக்க ஈ மொய்க்கிற மாதிரி.

மெயின் சுவிட்ச் சோதனை செய்தேன், சின்ன றேடியோ ஒன்றை இரவல் வாங்கி. கள்ளன் வீட்டுக்குள்தான். பிரேக்கர் பிரேக்கராகப் போட்டு, கடைசியில் பிடிபட்டது அம்மாவின் சாமித் தட்டு. பிள்ளையார் படத்தைச் சுற்றி நிறம் மாறி மாறி எரிகிற எல்ஈடி மாலை, அதன் குட்டி அடாப்ரர். நிறுத்தச் சொன்னேன். "உன்ர றேடியோவுக்காகச் சாமிக்கு லைற் நூக்கிறதோ" என்று கேட்டார், எனக்குப் பதில் இல்லை. பேச்சுவார்த்தையில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு நிறுத்தலாம் என்று உடன்பாடு.

நேற்று இரவு 9.25க்கு 10 மெகாஹேர்ட்ஸ். ரிக், ரிக், ரிக். 9.29க்கு மோர்ஸ், பிறகு அந்தப் பெண் குரல். டயல் பிழைதான், ஆனால் பெரியப்பா கொப்பியில் குறித்த சின்ன வட்டத்து எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் இரண்டு கோடுதான் வித்தியாசம். திகதியும் கிரீன்விச் நேரமும் போட்டு எழுதினேன், 1559, சின்போ 45444. சரியா?

அஞ்சு இலக்கம்

வாழ்த்துகள் தம்பி. ஆனால் மூன்றாவது இலக்கம் 4 என்பதை ஏற்க முடியாது. வெள்ளவத்தையில் இரைச்சலுக்கு ஒருவனும் 4 போட்டது கிடையாது. 3 ஆக்குங்கள்.

ஒரு எல் ஆறு

3 கூடத் தாராளம். பக்கத்து வீட்டுச் சாமித் தட்டையும் கணக்கில் எடுங்கள்.